மதிய வெயிலில் இறங்கிய கோடு

"முப்பத்தொண்ணுக்கும் கீழ போவுது," என்றார் சோதகர் ரத்தினம், கரைசலின் செறிவு காட்டும் மீட்டர்க் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே. "இன்னிக்கும் ரிஜெக்ட்தாம்மா."

ஒரகடத்து லாரித் தொழிற்சாலையின் சரக்கு கேட், மதிய நேரம். தகரக் கூரை போட்ட சோதனை அறையின் ஜன்னலுக்கு வெளியே நின்ற சுகப்பிரியா திரும்பித் தன் டேங்கரைப் பார்த்தாள். ஸ்டீயரிங் மேல் கைவைத்தபடி டில்லிபாபு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையசைப்பிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

டேங்கரில் இருப்பது யூரியா கரைசல். புதிய டீசல் லாரிகளின் புகையைச் சுத்தப்படுத்த அதைத் தெளிக்கிறார்கள். நூற்றுக்கு முப்பத்திரண்டரை பங்கு யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். முப்பத்தொன்றேமுக்காலுக்குக் குறைந்தால் கேட்டைத் தாண்ட முடியாது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து வேதியியல் படித்த சுகப்பிரியா, வாலாஜாபாத் சாலையில் ஒரு ஷெட் பிடித்து இதைத் தயாரிக்கிறாள்.

முதல் லோடு ஒரு நாள் விடிந்ததும் வந்தது, பாஸானது. இரண்டாவது இன்னொரு நாள் மதியம் வந்து, தண்ணீர் அதிகம் என்று திரும்பிப் போனது. வழியில் நாலு கேன் இறக்கி ஹைவேயில் விற்றுவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் டில்லி என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் செய்கிற ஓட்டுநர்கள் உண்டு என்பதால் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. பென்னலூரில் வீடு, இந்தச் சாலையிலேயே பாதி வயதைக் கழித்தவர். அவர் செய்த சத்தியத்தை யாரும் காதில் வாங்கவில்லை. சுகப்பிரியாவும்தான். இதுவும் திரும்பினால் சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தாள். திருடன் என்று பேர் வாங்கி இறங்குகிறவருக்கு இந்தச் சாலையில் வேறு யாரும் வண்டி தரமாட்டார்கள்.

ஆனால் இன்று வால்வுக்குச் சீல் வைத்தது அவள். அதோடு நிற்காமல் கேபினில் ஏறி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள். வண்டி ஒரு டீக்குக்கூட நிற்கவில்லை. சீல் அப்படியே இருந்தது. புறப்படும் முன் தன் ஏ.சி. அறையில் பார்த்தபோது கரைசல் சரியாக முப்பத்திரண்டரை காட்டியது.

பின்னால் நின்ற லாரியிலிருந்து அன்பு என்ற ஓட்டுநர் எட்டிப் பார்த்தான். "இன்னா தல, இந்த வாட்டி மேடம் கண்ணு முன்னாலயே ஊத்திட்டியா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. டில்லி இறங்கினார். "மேடம், சாவி வண்டிலயே கீது. நான் கிளம்பறேன்."

"இருங்கண்ணே," என்றாள் சுகப்பிரியா. "நீங்க எடுக்கலன்னு எனக்குத் தெரியும். நான்தான கூட வந்தேன்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "சார், மீட்டர் சரியா இருக்கா?"

ரத்தினத்துக்குச் சுருக்கென்றது. "தெனமும் காலைல ஷிஃப்ட் ஏறினதும் டிஸ்டில்டு வாட்டர் வச்சு சீரோ செட் பண்றேன். ஒரு நாள் தவறினது இல்ல. மீட்டர் மேல பழி போடாத."

அவர் சொன்னது உண்மை. கேட்டில் அவரைப்போல் ஒழுங்கானவர் இல்லை என்பதை வசவு வாங்கிய ஓட்டுநர்களே ஒப்புக்கொள்வார்கள்.

"கொஞ்சம் கையில தாங்க சார்."

வாங்கியவள் உடனே அடுத்த கைக்கு மாற்றினாள். உலோகக் குழாய் சுட்டது. தகரத்துக்குக் கீழே, ஜன்னல் விளிம்பில், காலையிலிருந்து வெயில் குடித்துக் கிடந்திருக்கிறது.

"காலைல சரியாத்தான் வச்சிருப்பீங்க. இப்ப ஒருக்க தண்ணி வச்சுப் பாருங்க. சீரோ காட்டினா நான் பேசாம வண்டியத் திருப்பிக்கிடுதேன்."

ரத்தினம் மீட்டரைத் திரும்ப வாங்கி முனையிலிருந்த கண்ணாடியைத் துடைத்தார். டிஸ்டில்டு வாட்டர் இரண்டு சொட்டு விட்டு மூடியை அழுத்தி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பார்த்தார். மறுபடி துடைத்து, புதுச் சொட்டு விட்டுப் பார்த்தார்.

"சீரோவுக்குக் கீழ பூடுச்சு," என்றார் மெதுவாக.

"அப்டின்னா?" என்றார் டில்லி.

"கண்ணாடியில பட்ட வெளிச்சம், ஒரு சாய்வு வரைக்கும்தான் சொட்டுக்குள்ள போகும்ண்ணே," என்றாள் சுகப்பிரியா. "அதுக்கு மேல சாஞ்சு வந்தா உள்ள போகாது. மொத்தமா திரும்பிரும். அந்த எல்லைதான் உள்ள கோடா தெரியுது. எந்தச் சாய்வுல திரும்புதுன்னு பாத்தா ஒளிவிலகல் எண் கிடைச்சிரும். அத வச்சு யூரியா எவ்வளவுன்னு சொல்லிரலாம். ஆனா சூடு ஏறினா எல்லை நகந்துரும். தண்ணிக்கே நகந்திருக்கு பாருங்க."

"அதாவது, கண்ணாடி ஒரு கேட்டு. சாஞ்சு வந்தா ரிட்டர்ன்."

"அதேதான்."

"அந்த கேட்டே வெயில்ல தள்ளாடுது. நான் திருடனாம்!"

ரத்தினம் மீட்டரின் திருகைத் திருப்பிக் கோட்டைச் சீரோவுக்குக் கொண்டுவந்தார். துடைத்தார். டேங்கரிலிருந்து எடுத்த கரைசலை விட்டு, வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

"முப்பத்திரண்டத் தாண்டிட்டுது. பாஸ்."

அத்தோடு அவர் விடவில்லை. மேஜை மேலிருந்த போனை எடுத்து, வரிசை மொத்தத்துக்கும் கேட்கும்படியே பேசினார். "லேபா? ரத்தினம். மீட்டர் மதியத்துல கம்மியா காட்டுது. போன லோடு ரிஜெக்ட் பண்ணது நம்ம தப்பு. ஆமா, டிரைவர் மேல ஒண்ணும் இல்ல. டில்லிபாபு. பேரோட எழுதிக்கோ."

கேட் உயர்ந்தது. டில்லி வண்டியில் ஏறவில்லை. ஜன்னலுக்குள் கையை நீட்டினார். ரத்தினம் மீட்டரைக் கொடுத்துவிட்டார்.

"டேய் அன்பு, எறங்குடா. வந்து பாரு. கோடு எங்க கீது?"

அன்பு ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "மேல நீலம், கீழ வெள்ளை. முப்பத்திரண்டுக்கு மேல கீது தல."

"சத்தமா சொல்லு."

"முப்பத்திரண்டுக்கு மேல!"

அடுத்த லாரிக்காரர் இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். உள்ளேயிருந்து வெளியே வரக் காத்திருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. பாதுகாவலர் விசில் ஊதினார். உயர்ந்த கேட் உயர்ந்தபடியே நிற்க, டில்லிபாபு மீட்டரை ஒவ்வொரு கண்ணுக்கும் தானே தூக்கிப் பிடித்தார்.

"அவசரப்படாதீங்கப்பா. எல்லாரும் பாக்கணும். பாக்காம ஒருத்தனும் போவக்கூடாது."