டிப்ஸ் ஜாடியில் கள்ள ஓட்டு

அந்தக் காபிக் கடையில் கல்லா அண்ணியின் பொறுப்பு. மெஷின் நாத்தனாரின் பொறுப்பு. வாடிக்கையாளர்கள் நாத்தனாருக்கு வைத்திருந்த பெயர் ‘நுரை’. பால் நுரையில் தான் வரைகிற இலையின் அழகுக்குத்தான் எல்லாரும் டிப்ஸ் போடுகிறார்கள் என்று அவள் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அண்ணி அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டாள். ஒற்றை டிப்ஸ் ஜாடியை இரண்டாக்கி, நடுவில் தினம் ஒரு கேள்வியை ஒட்ட ஆரம்பித்தாள். ‘பூனையா, நாயா?’ என்று ஒட்டிய அன்றே இரண்டும் கழுத்துவரை நிறைந்துவிட்டன.

“காபிக்கு யாருடி டிப்ஸ் போடறா? தான் சொல்றதுதான் சரின்னு காட்டத்தான் போடறாங்க,” என்றாள் அண்ணி.

இன்று காலை ஒட்டியிருந்ததைப் படித்ததும் நுரையின் கையிலிருந்த பால் குவளை நழுவப் பார்த்தது.

‘ஒருத்தனைப் பிடித்திருந்தால் என்ன செய்வது?’ ஒரு ஜாடியில் ‘அவளே கேட்கட்டும்’. மற்றதில் ‘அவன் கேட்கும்வரை காத்திருக்கட்டும்’.

“என்ன அண்ணி இது?”

“பொதுவான கேள்விதான். உனக்கு ஏன் காது சிவக்குது?”

காரணம் அண்ணிக்கா தெரியாது? காபி மெஷினைப் பழுது பார்க்க மாதம் தவறாமல் வருகிற மெக்கானிக். அவன் வருகிற நாளில் நுரைக்கு இலை இலையாகவே வராது. போன தடவை, “அடுத்த முறையோட சரிங்க. அப்புறம் இந்தத் தெருவுக்கு வேற ஆள்,” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்த அடுத்த முறை இன்றுதான்.

“சரி, எந்த ஜாடி நிறையுதோ அது சொல்றபடி செய்யறேன்,” என்றாள் நுரை.

ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் ‘காத்திருக்கட்டும்’ ஜாடியில் ஒரு நோட்டைப் போட்டார். மனைவி அடுத்ததில் போட்டாள்.

“இவர் கேப்பாருன்னு காத்திருந்திருந்தா நான் இன்னும் எங்கப்பா வீட்லதான் இருந்திருப்பேன்,” என்றாள் அண்ணியிடம். கணவர் வீம்புக்கு இன்னொரு நோட்டையும் திணித்துவிட்டு மேஜைக்குப் போனார்.

அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அவர் கட்சிதான். ‘காத்திருக்கட்டும்’ நிரம்பி வழிந்தது. நுரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊராருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

மெக்கானிக் வந்தான். மெஷினுக்குப் பின்னால் குனிந்து வாஷரை மாற்றத் தொடங்கினான். நுரை அப்படியும் இப்படியும் பார்த்தாள். நிரம்பிய ஜாடிக்குள் கையை விட்டு, அள்ளி, மற்றதில் போட்டாள். மறுபடி அள்ளினாள்.

“கள்ள ஓட்டா?”

பழைய வாஷரும் கையுமாக அவன் நிமிர்ந்து நின்றிருந்தான்.

“இல்ல... ரெண்டும் சமமா இருக்கட்டுமேன்னு...”

“சமமாவா? அதுல ஒண்ணையும் மிச்சம் வைக்கலையே.”

“நான் போய் சர்க்கரை எடுத்துட்டு வரேன்,” என்று அண்ணி உள்ளே போனாள். மேஜைமேல் டப்பா நிறையச் சர்க்கரை இருந்தது.

அவன் கேள்வியை நிதானமாகப் படித்தான். பர்ஸை எடுத்தான். அவன் கை ‘காத்திருக்கட்டும்’ பக்கம் போனது.

“அதுல போடாதீங்க.”

“ஏங்க?”

“நான் கேக்கப் போறேன்.” நுரை அந்த ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “மெஷினை வேற ஆள் பாத்துக்கட்டும். நீங்க சும்மாவே வாங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு?”

அவன் பர்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்தான். இருந்ததெல்லாம் ‘அவளே கேட்கட்டும்’ ஜாடியில் விழுந்தது, பஸ் டிக்கெட் உட்பட.

“நான் சொன்னேன்ல?” என்றாள் மேஜையிலிருந்து அந்த மனைவி.

“நான் சொன்னதும்தான் நடந்திருக்கு,” என்றார் கணவர். “அவன் வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு காத்திருந்ததா இல்லையா?”

“பால் பொங்குற வாசனை வருதுடி,” என்று உள்ளிருந்து அண்ணி கத்தினாள்.

யார் காதிலும் விழவில்லை.