நாலாம் நம்பர் சிஸ்டம்

பிரவுசரை மாற்றச் சொல்லி ஜெகதீஷ் என் உயிரை எடுக்காத சனிக்கிழமை கிடையாது. பெங்களூர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வாரக் கடைசியில் என் பிரவுசிங் சென்டரில் வந்து உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுப்பான். "அக்கா, ஃபயர்பாக்ஸ் போடுங்க. தானா குதிக்கற விளம்பரத்தத் தடுத்துடும். ஒரே ஜன்னல்ல பத்து பக்கம் தொறந்து வெச்சுக்கலாம். கண்டதும் வந்து ஒட்டிக்காது."

எனக்கு மட்டும் ஆசை இல்லையா? பாகலூர் ரோட்டில் ஆறு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறவள் நான். வருகிறவர்களுக்கு இன்டர்நெட் என்றால் திரையில் இருக்கிற அந்த நீல ஐகான்தான். அது கண்ணில் படாவிட்டால் "நெட் இல்லையாக்கா?" என்று எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று விளக்க எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்காரர் பரமசிவம் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. அவர் தூங்கும்போது நான் கடையில், நான் தூங்கும்போது அவர் கம்பெனியில். "அப்புறம் பாப்போம் தம்பி" என்று சொல்லியே ஆறு மாதத்தை ஓட்டினேன். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

இந்த ஊர் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாதிப்பேர் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர்கள். மெஷின் திரையில் அலாரம் என்று ஒரு பெட்டி வந்தால் நின்று படிக்கமாட்டார்கள். ரீசெட் பட்டனை ஒரே அமுக்கு, மெஷின் ஓட வேண்டும். நின்றால் அன்றைய எண்ணிக்கை குறையும், சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டும். அதே விரல்தான் என் கடைக்கும் வரும். திரையில் எது கேட்டாலும் ஓகே. இதைப் போடட்டுமா? ஓகே. அதையும் போடட்டுமா? அதற்கும் ஓகே. கண்ட கழுதையெல்லாம் உள்ளே வந்து, படிக்க வேண்டிய பக்கம் நாலு விரல் அகலத்துக்குச் சுருங்கிக் கிடக்கும்.

அதில் முதல் ஆள் குருமூர்த்தி அண்ணன். இருபது வருஷ மெஷின் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து நாலாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார்ந்து தமிழ்ப் பேப்பர் படிப்பார். அவருடைய ஒரே மகள் மோகனப்ரியா. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, பர்கூர் அரசு இன்ஜினியரிங் காலேஜில் சேரப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்ற பெண்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், ஜூலை மாதம். வியாழக்கிழமை சென்னையில் அவளுக்குக் கவுன்சிலிங். அழைப்புக் கடிதம் தபாலில் வரவில்லை. வெப்சைட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லி, ஞாயிறு காலை அப்பாவும் மகளுமாக வந்தார்கள். மற்ற சிஸ்டத்தில் எல்லாம் ஆள் இருந்தது. நாலாம் நம்பரைக் காட்டினேன்.

அவள் பக்கத்தைத் திறந்து தன் நம்பரை அடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தச் சனியன் குதித்தது. திரை முழுக்க ஒரு பெண், மேலே துணியில்லாமல். மூடினால் இன்னொன்று, அதை மூடினால் இரண்டு.

"இதப் பாக்கத்தான் நெட்டு கடைக்குப் போகணும்னு துடிச்சியா?" குருமூர்த்தி அண்ணன் எல்லோர் முன்னாலும் அவள் முதுகில் ஓர் அடி வைத்தார். "அப்பா, நான் எதுவும் பண்ணலப்பா, அதுவா வருதுப்பா!" அவர் காதில் அது ஏறவே இல்லை. "படிச்சது போதும். காவேரிப்பட்டினத்துல உங்கத்தை கேட்டுட்டே இருக்குது. அங்க குடுத்துட்டு நிம்மதியா இருக்கேன்." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இந்த அசிங்கம் என் சிஸ்டத்தில் தானாகவே வருகிறது என்று சொன்னால், நாளைக்கு எந்த வீட்டுப் பெண்பிள்ளை என் கடைப்படி ஏறும்? அந்தப் பயத்தில் ஊமைக்கோட்டான் மாதிரி நின்றேன்.

சாயங்காலம் ஜெகதீஷைக் கூப்பிட்டேன். ஒன்றாம் நம்பரை வழித்துத் துடைத்து ஃபயர்பாக்ஸ் போட்டான். "நாலாம் நம்பரையும் பண்ணிடட்டுமாக்கா?" "அதத் தொடாத. அது எனக்கு வேணும்" என்றேன்.

மறுநாள் குருமூர்த்தி அண்ணன் ஷிப்ட் முடிந்து இறங்குகிற பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பத்தே நிமிஷம் வாங்கண்ணே. அதுக்கப்புறம் நீங்க பொண்ண எங்க வேணா கட்டிக்குடுங்க." என்ன நினைத்தாரோ, டிபன் பாக்ஸோடு பின்னால் வந்தார்.

நாலாம் நம்பரில் உட்கார வைத்தேன். "எதையும் தொடாதீங்க. சும்மா பாத்துட்டு இருங்க." கையை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு நிமிஷம் ஆகவில்லை, திரையில் அந்தத் துணியில்லாத பெண் வந்து நின்றாள். மனிதர் பதறிப்போனார். "ஏம்மா, நான் ஒண்ணுமே பண்ணலயே!"

"நேத்து உங்க பொண்ணும் அதத்தாண்ணே சொல்லுச்சு."

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு சின்னப் பெட்டி வந்தது. அவர் கை தன்னால் மௌஸுக்குப் போய் ஓகே கொடுத்துவிட்டது. உடனே இன்னும் மூன்று ஜன்னல் திறந்தது.

"இப்ப என்னத்த அமுக்குனீங்க?"

"ஓகே."

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கிலீஷும்மா. எனக்கு என்னா தெரியும்? எங்க மெஷின்ல பொட்டி வந்தா அமுக்கிட்டுப் போயிட்டே இருப்போம்."

"வாராவாரம் இந்த சிஸ்டத்துல இதையேதான் அமுக்கியிருக்கீங்க. அப்படி உள்ள வந்ததுதான் இதெல்லாம். நீங்க மட்டும் இல்ல, வர்ற எல்லாரும் அமுக்குறாங்க. என் தப்பும் இருக்கு. மாத்துன்னு ஆறு மாசமா ஒருத்தன் சொன்னான், நான் மாத்தல. நேத்து வாயத் தொறந்து சொல்லியிருக்கணும், கடை பேரு கெட்டுடும்னு சொல்லல." மற்ற சிஸ்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் செல்லை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். "சுகுணா, பாப்பாவ நெட்டு கடைக்கு அனுப்பு."

மோகனப்ரியா வந்தாள். அழுது அழுது கண் இரண்டும் வீங்கிக் கிடந்தது. அப்பா பக்கத்தில் வராமல் வாசலோடு நின்றாள். மன்னிப்புக் கேட்க அந்த மனிதருக்குத் தெரியவில்லை. ஒன்றாம் நம்பரில் போய் உட்கார்ந்து, "நம்பரச் சொல்லு" என்று மட்டும் கேட்டார். அவள் தள்ளி நின்றபடியே சொன்னாள். ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தேடி அடித்தார். அவள் பெயரோடு பக்கம் வந்தது. கடிதம் என்று இருந்த இடத்தை நான் காட்டினேன், அமுக்கினார்.

ஒரு பெட்டி வந்தது.

விரல் பழக்கத்தில் போனது. மௌஸைத் தொட்டதும் நின்றுவிட்டது. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா, இதுல என்னா போட்டிருக்கான்? கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

அவள் மெதுவாகக் கிட்டே வந்தாள். "லெட்டரத் தொறக்கட்டுமா, எடுத்து வெச்சுக்கட்டுமான்னு கேக்குதுப்பா."

"அமுக்கலாமா?"

"அமுக்கலாம்பா."

பிரிண்டர் கடிதத்தைத் தள்ளியது. அவர் அதை எடுத்து, படிக்கத் தெரியாத அத்தனை வரியையும் மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு மகளிடம் நீட்டினார்.

"புதன்கிழமை பஸ்ஸுக்குக் கெளம்பிடணும். நான் லீவு சொல்லிடறேன்."

"மெஷினுப்பா?" என்றாள் அவள்.

"நின்னா நிக்கட்டும்."