ஆலைச் சுவரில் ஒரு ஜன்னல்

சினிமாவைப் பார்த்துவிட்டு வரலாறு தெரிந்துவிட்டதாகச் சொல்லும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். அதிலும் எங்கள் ஊர் நூல் ஆலை தீப்பிடித்ததை வைத்து எடுத்த அந்தப் படம் இருக்கிறதே, ஊரே அதை மனப்பாடமாக வைத்திருக்கிறது. புகைக்கு நடுவே கதாநாயகி மாடி ஜன்னலில் நின்று கையசைக்கும் இடம் வந்தால் பெரிய பெரிய ஆம்பிளைகள்கூட மூக்கை உறிஞ்சுவார்கள். அந்தக் கதாநாயகி என் அக்கா.

அக்கா என்றால், அக்காவாக நடித்தவள்.

அதனால் ஏழாம் வகுப்புக்கு அந்தப் படத்தையே பாடமாக வைத்தேன். அட்டைகளை வெட்டி ஆளுக்கு மூன்று நிறத்தில் கொடுத்தேன். பச்சை என்றால் நடந்தது, சான்று இருக்கிறது. சிவப்பு என்றால் கட்டுக்கதை. மஞ்சள் என்றால் இன்னும் தெரியாது. படத்தை நிறுத்தி நிறுத்திப் போடுவேன். அட்டையைத் தூக்குகிறவரிடம் "ஏன்?" என்று வகுப்பே கேட்கும். நானே தூக்கினாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

பிள்ளைகள் புகுந்து விளையாடினார்கள்.

"டீச்சர், மெஷின்ல ஒரு பொட்டுப் பஞ்சு இல்ல. எங்க வீட்டு மிக்சியே இதைவிட அழுக்கா இருக்கும்."

"முதலாளி தேம்பித் தேம்பி அழறாரு டீச்சர். இதுக்கு ரெண்டு சிவப்பு தூக்கலாமா?"

பிறகு ஜன்னல் காட்சி வந்தது. என் அக்கா அந்தத் தீயில் போனது எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் அட்டைகள் தயங்கித் தயங்கி எழுந்தன.

"பச்சை," என்றேன். "கண்ணால பார்த்த சாட்சி நான் இருக்கேன். அப்போ எனக்கு அஞ்சு வயசு. எங்கப்பா தோள்ல உக்காந்து கேட்டுக்கு வெளியே இருந்து பார்த்தேன். அக்கா ஜன்னல்ல நின்னு எனக்குக் கை ஆட்டினா."

மஞ்சளெல்லாம் இறங்கிப் பச்சை எழுந்தது. ஒரே ஒரு சிவப்பு மட்டும் மிச்சம்.

வக்கீலம்மா. வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிடும். வாயைத் திறந்தால் குறுக்கு விசாரணைதான். அவள் அப்பாவுக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. அங்கே மாட்டியிருந்த பழைய புகைப்படம் ஒன்றை அவர் பிரதியெடுத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தவளுக்கு, பாவம், முகமெல்லாம் வெளுத்திருந்தது.

"டீச்சர்... ஜன்னலே இல்லையே."

வாங்கிப் பார்த்தேன். தீப்பிடித்த அன்றே எடுத்தது. ஆலையின் கேட், முதுகைக் காட்டி நிற்கும் கூட்டம், ஒரு தண்ணீர் வண்டி. பின்னால் ஆலை. மாடியே இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே சுவர். கூரைக்கு மேலே புகை.

"உள்ளே ஈரமா இருந்தாத்தான் நூல் அறாதாம் டீச்சர். அதனால சுவத்துல ஜன்னல் வைக்க மாட்டாங்களாம். வெளிச்சத்துக்குக் கூரையில கண்ணாடி மட்டும்தானாம். அப்பா சொன்னாரு." பிறகு மெதுவாக, "சாரி டீச்சர்," என்றாள்.

ஆலையை எப்போதோ இடித்துவிட்டு பஸ் டிப்போ கட்டிவிட்டார்கள். நான் இத்தனை நாள் மனதில் வைத்திருந்த ஆலை, படத்துக்காக யாரோ ஒரு தச்சர் பலகையில் அடித்த ஆலை.

வீட்டுக்கு நடந்துபோகும்போது அதே யோசனைதான். ஜன்னல் இல்லையென்றால் எனக்குக் கையசைத்தது யார்? அக்காவைப் பற்றி என்னிடம் அந்தக் கையசைப்பைத் தவிர வேறெதுவும் கிடையாது. அதுவும் பொய்யென்றால் அவள் எனக்கு இரண்டாம் தடவையாகச் சாகிறாள். பயமாக இருந்தது.

ஹாலில் மாட்டியிருந்த சட்டத்துக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு இருந்த ஒரே புகைப்படம் ஆலை அடையாள அட்டையில் ஒட்டியிருந்தது. அது அன்று அவள் கழுத்தில் கிடந்தது. அதனால் படம் வெளியான சமயத்தில், பத்திரிகை அட்டையில் வந்த நடிகையை வெட்டி அம்மா சட்டம் போட்டுவிட்டாள். வருகிறவர்கள், "பெரிய பொண்ணா? நல்ல லட்சணம்," என்பார்கள். அம்மா ஆமாம் என்பாள். நானும்தான் ஆமாம் போட்டேன். பெயருக்கு வரலாற்று டீச்சர்!

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஆலையில கேட்டுப் பக்கம் ஜன்னல் இருந்துச்சா?"

கையிலிருந்த துணியை மடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "இல்ல."

"அப்போ அக்கா எனக்குக் கை ஆட்டினது?"

"நீ அங்க வரவே இல்லடி. உனக்கு நல்ல காய்ச்சல். பக்கத்து வீட்டுல படுக்க வச்சுட்டு நானும் அப்பாவும்தான் ஓடினோம்."

"அப்புறம் ஏம்மா நான் சொன்னப்போ எல்லாம் ஆமா ஆமான்னு கேட்டுட்டிருந்தே?"

அம்மா சட்டத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தச் சுவருக்கு முன்னாடி நின்னேன். உள்ளேருந்து சத்தம் வந்துச்சு. அப்புறம் சத்தமும் நின்னுபோச்சு. சுவர் மட்டும் அப்படியே இருந்துச்சு. கண்ணை மூடினா சுவர், திறந்தா சுவர். எத்தனை வருஷம்டி ஒருத்தி அதையே பாத்துட்டிருப்பா? எவனோ ஒருத்தன் வந்து அதுல ஒரு ஜன்னல் வச்சுக் குடுத்தான். வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல."

அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

மறுநாள் வகுப்பில் நானே சிவப்பு அட்டையைத் தூக்கினேன். "ஏன்?" என்றார்கள்.

"நேத்து நான் சொன்னது சாட்சி இல்ல. படம் பார்த்துப் பார்த்து எனக்குள்ள ஏறிக்கிட்டது. நான் அங்க இருக்கவே இல்ல."

வக்கீலம்மா கையைத் தூக்கினாள்.

"படத்துல இல்லாதது ஏதாவது ஞாபகம் இருக்கா டீச்சர்? அது படத்துலேருந்து வந்திருக்க முடியாதுல்ல?"

நியாயமான கேள்விதான். கண்ணை மூடினேன். முதலில் நடிகைதான் வந்தாள். படத்தில் தங்கைக்குச் செய்வதுபோலவே என் முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டுக் கிசுகிசுப்பாக ஏதோ சொன்னாள். அந்தக் கிசுகிசுப்பு எனக்கு எப்போதுமே பிடிக்காது. ஏன் பிடிக்காது என்று அன்றுதான் யோசித்தேன்.

"கத்துவா," என்றேன். "எங்கக்கா மெதுவாவே பேச மாட்டா. மெஷின் இரைச்சல்லயே இருந்து காது மந்தமாயிடுச்சு. ரகசியம்னு சொல்லிட்டு தெருவுக்கே கேக்கிற மாதிரி கத்துவா. தூங்குடி தூங்குடின்னு கத்தியே என்னை எழுப்பி விட்டுடுவா."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னமோ கைக்குக் கிடைத்துவிட்டது போல இருந்தது. வக்கீலம்மா மட்டும் அட்டைகளைப் புரட்டி மஞ்சளைத் தூக்கினாள்.

"வீட்டுல இன்னொருத்தர் ஆமான்னு சொல்லிட்டா பச்சை டீச்சர்."

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "அக்கா சத்தமா பேசுவாளாம்மா?"

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஹாலில் அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"சத்தமாவா? அது தொண்டையா, ஒலிபெருக்கிடி! தெருமுனையில வரும்போதே தட்டு எடுத்து வைன்னு கத்துவா. நானும் இங்கேருந்து..."

பாதியில் நின்றாள். சிரிப்பு முகத்திலேயே இருந்தது. கண் மட்டும் எங்கோ போய்விட்டது.

"அதனாலதான்டி," என்றாள். "சுவருக்கு உள்ளேருந்து எல்லாரும்தான் கத்தினாங்க. அவ குரல் மட்டும் எனக்குத் தனியாக் கேட்டுச்சு. கடைசி வரைக்கும் கேட்டுச்சு."

மறுநாள் நான் உள்ளே நுழைந்ததும் வக்கீலம்மா ஆவலாக நிமிர்ந்தாள். மேசையிலிருந்த பச்சை அட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். ஏன் என்று கேட்பதற்கு அவள் வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கேட்காமலே உட்கார்ந்துவிட்டாள்.