செப்டம்பர் 14-க்குப் போகவும்

தலத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பெயர் ரொனால்ட், வயது முப்பத்துநான்கு, கல்யாணம் ஆகவில்லை. மூன்றாவது தகவலை நான் சொல்லியிருக்கவே வேண்டாம். காரைக்காலில் பாதிப் பேருக்கு அது தெரியும், மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேர் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் பங்குக் கோவில் அலுவலகத்தில் ஒரு கணினி இருக்கிறது. விண்டோஸ் ஏழு. அதை நான் பதினோரு திங்கட்கிழமைகளாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். போவேன், வைரஸைத் துரத்துவேன், ஆன்டிவைரஸ் போடுவேன், திரும்பி வருவேன். சனிக்கிழமை மாலை உபதேசியார் ஆரோக்கியஜோசப் சிஸ்டம் ரெஸ்டோரை அழுத்துவார். கணினி ஒரு பழைய தேதிக்குப் போய்விடும். அந்தத் தேதியில் ஆன்டிவைரஸ் கிடையாது, வைரஸ் உண்டு. திங்கட்கிழமை நான் மறுபடி போவேன்.

உபதேசியாரைக் குறை சொல்ல முடியாது. கோவில் அலுவலகத்தில் எழுத்து வேலை முழுவதும் அவர்தான். சிஸ்டம் ரெஸ்டோரை அவருக்குக் காட்டிக்கொடுத்தவன் நான். "கம்ப்யூட்டர் அப்பப்போ தன்னையே ஒரு நகல் எடுத்து வெச்சுக்கும். ஏதாவது கெட்டுப்போனா, நல்லா இருந்த ஒரு நாளைக் காட்டுங்க, அங்க திரும்பிப் போயிடும்" என்று சொல்லியிருந்தேன். அவர் அதைத் தன் வழியில் புரிந்துகொண்டார். சனிக்கிழமை மாலை கோவிலில் பாவசங்கீர்த்தனம், அதாவது செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது. ஜனங்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் இவர் கணினிக்கும் அதையே செய்துவைப்பார். கெட்டிருக்கிறதோ இல்லையோ, வாரம் ஒரு தடவை.

"எந்த நாளுக்குப் போறதுன்னு எழுதிக் குடுத்துடு தம்பி. எனக்கு மறந்துபோவுது" என்று ஒருமுறை கேட்டார். துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டினேன். "பிரச்சினை வந்தால் செப்டம்பர் 14-க்குப் போகவும்." போன வருடத்துச் செப்டம்பர். யோசித்து எழுதவில்லை. நல்லா இருந்த நாள் என்றதும் கை அதை எழுதிவிட்டது.

அது ஒரு சனிக்கிழமை. அன்று மதியம்தான் உபதேசியார் ஞாயிறு அறிவிப்பில் என் ஓலையைத் தட்டச்சு செய்தார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசையில் மணமக்கள் பெயரை வாசிப்பார்கள். அதுதான் ஓலை. யாருக்காவது தடை ஏதும் தெரிந்தால் வந்து சொல்வதற்காக இந்த ஏற்பாடு. அந்த ஞாயிறு என் பெயரையும் டெல்பின் பெயரையும் முதல் ஓலையாக வாசித்தார்கள். புதன்கிழமை டெல்பினின் அத்தை பிரான்சிலிருந்து போன் செய்தார், நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளை ஒன்று அமைந்திருப்பதாக. காரைக்காலில் நேஷனாலிட்டி என்றால் பிரெஞ்சு பாஸ்போர்ட். இந்திய நேஷனாலிட்டி எனக்கும் இருக்கிறது, அதை யாரும் ஒரு தகுதியாகச் சொன்னதில்லை.

அவர்கள் வீட்டில் பங்குத்தந்தையிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு நாலாவது பெஞ்சில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. அன்பியக் கூட்டம், பீடச் சிறுவர் பயிற்சி என்று அறிவிப்பு முடிந்துபோனது. முன்னால் இருந்தவர்களில் ஏழு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எண்ணினேன். அதிலிருந்து ஞாயிறு பூசைக்கு டி.ஆர்.பட்டினம் பக்கம் போகிறேன். கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை ஏற்றிவைத்திருந்த பென் டிரைவை அரசலாற்றில் எறிந்துவிட்டேன்.

உபதேசியார் அறிவிப்புக்கு ஒரே கோப்பைத்தான் வைத்திருக்கிறார். வாராவாரம் அதைத் திறந்து, பழையதை அழித்து, புதியதை அடித்துச் சேமிப்பார். ஆகவே எங்கள் ஓலையும் அழிந்துதான் போயிருக்க வேண்டும். ஆனால் செப்டம்பர் 14-ன் நகலுக்குள் அந்தக் கோப்பு அன்றிருந்தபடியே இருந்தது. திங்கட்கிழமை வேலை முடிந்ததும் அதன் பழைய பதிப்பைத் திறப்பேன். ரொனால்ட், டெல்பின், ஒரே வரியில். வேறெங்கும் எங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதப்படவில்லை. படிப்பேன், மூடுவேன், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதுதானே என்று கேட்கலாம். எடுத்தால், நான் அதை வைத்திருக்கிறேன் என்று ஆகிவிடும். இங்கே இருக்கும்வரை அது பங்கு அலுவலகத்தின் கோப்பு. எனக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

இடம் போதவில்லையென்றால் விண்டோஸ் பழைய நகல்களைத் தானாகவே அழித்துவிடும். அழிக்காமலிருக்க டிஸ்கில் பாதியை நகல்களுக்கே ஒதுக்கிவைத்தேன். வைரஸும் அந்த நகல்களுக்குள்தான் உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தை விண்டோஸ் பூட்டி வைத்திருக்கும். ஆன்டிவைரஸ் எட்டிப் பார்த்து, "மூன்று கோப்புகள், நீக்க முடியவில்லை" என்று அறிக்கை எழுதிவிட்டு நகர்ந்துவிடும். நீக்க வேண்டுமென்றால் சிஸ்டம் ரெஸ்டோரை அணைக்க வேண்டும். அணைத்தால் எல்லா நகல்களும் ஒட்டுமொத்தமாகப் போகும், நல்லது கெட்டது பார்க்காது. இந்தத் தொழிலில் முதல் வருடமே கற்றுக்கொள்ளும் விஷயம் இது. நான் பதினான்கு வருடமாகத் தொழில் செய்கிறேன்.

இந்த நவம்பர் முதல் வாரம், வெள்ளிக்கிழமை காலையில் உபதேசியார் போன் செய்தார்.

"தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போ. நம்ம மெயில் கணக்கை மறைமாவட்ட ஆபீஸ்ல முடக்கிட்டாங்க. இங்கேருந்து போன மெயில்ல ஏதோ பூச்சி போயிருக்காம்."

அலுவலகத்தில் அவரோடு ஆன்லினும் இருந்தாள். எங்கள் தெருப் பெண். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி எடை போடும் மேடையில் கணினி வேலை. செருப்பெல்லாம் நிலக்கரித் தூசியோடு நேராக அங்கிருந்து வந்திருந்தாள். நவம்பர் இருபத்தாறாம் தேதி அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தூத்துக்குடிப் பக்கம், கப்பலில் வேலை. முப்பதாம் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது, அதன் பிறகு கிறிஸ்துமஸ் முடியும்வரை எங்கள் கோவிலில் கல்யாணம் வைப்பதில்லை. மாப்பிள்ளை டிசம்பர் முதல் வாரம் கப்பல் ஏற வேண்டும். மூன்று ஓலைக்கு மூன்று ஞாயிறுதான் மிச்சம், முதலாவது நாளை மறுநாள். மாப்பிள்ளையின் பங்கிலும் அதே நாளில் வாசிக்க வேண்டும், அதற்கு இங்கிருந்து கடிதம் போக வேண்டும். கையால் எழுதிய கடிதத்தைப் போன வருடமே நிறுத்திவிட்டார்கள். முடங்கிய கணக்கிலிருந்துதான் பதிவு எண்ணோடு கடிதம் வரும். கணினியில் வைரஸ் இல்லை என்று ஸ்கேன் அறிக்கையும், பழுதுபார்ப்பவரின் கையெழுத்தும் அனுப்பினால் கணக்கைத் திறப்பார்களாம்.

பழுதுபார்ப்பவர் நான்தான். ஸ்கேன் போட்டேன். மூன்று கோப்புகள், நீக்க முடியவில்லை.

ஆன்லின் என் தோளுக்குப் பின்னாலிருந்து திரையைப் படித்தாள். "ரெஸ்டோரை ஆஃப் பண்ணிட்டா போயிடுமேண்ணே. எங்க ஆபீஸ்ல வந்தப்ப அதான் பண்ணாங்க. பத்து நிமிஷ வேலை."

உபதேசியார் என்னைப் பார்த்தார். "பத்து நிமிஷமா தம்பி?"

"இதுல கொஞ்சம் சிக்கல் இருக்கு. உள்ள முக்கியமான ஃபைல் ஒண்ணு மாட்டியிருக்கு."

"என்ன ஃபைல்? ஞானஸ்நான ரெஜிஸ்தரா?" என்றாள் ஆன்லின்.

"அது இல்ல."

"அப்புறம் என்னண்ணே?"

"பழைய ஃபைல்மா."

"யாருக்கு வேணும் அது?"

இந்தக் கேள்விக்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் கண்டுபிடிக்கலாமென்று பார்த்தேன். பதினான்கு வருட அனுபவத்தில் ஒன்றும் அகப்படவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப விட்டா அவருக்கு அடுத்த லீவு ஒம்போது மாசம் கழிச்சுண்ணே. ஒம்போது மாசத்துல யாரு எங்கேருந்து போன் பண்ணுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. குனிந்து செருப்பில் இருந்த தூசியைத் தட்ட ஆரம்பித்தாள். உபதேசியார் ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்தார். அங்கே கோவில் சுவரைத் தவிர ஒன்றும் கிடையாது. எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

"அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றேன்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கோப்பின் பழைய பதிப்பைத் திறந்தேன். இந்தத் தடவை வரியைத் தாண்டிக் கீழேயும் படித்தேன். "இத்திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." எல்லா ஓலைக்கும் கீழே இருப்பதுதான். ஆன்லின் ஓலைக்குக் கீழேயும் இருக்கும். அவள் ஓலைக்கு ஒரு தடை இருப்பதும், அது மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதும் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூடிவிட்டு ஸ்கேன் அறிக்கையைத் திறந்தேன். பதினோரு வாரமாக அதன் கடைசி வரியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய அறிக்கையாயிற்றே என்று முதலிலிருந்து படித்தேன். வைரஸ் கோப்புகள் உருவான தேதி எழுதியிருந்தது. செப்டம்பர் 14, மாலை 4.05. வந்த வழி ஒரு பென் டிரைவ். பென் டிரைவின் பெயர் ரொனால்ட்.

நினைவுக்கு வந்தது. பத்திரிகை மாதிரியை உபதேசியாருக்குக் காட்டுவதற்காக அன்று சாயங்காலம் ஓடிவந்து பென் டிரைவைச் செருகினேன். அச்சுக்கடையில் ஏற்றிக்கொடுத்தது. பிரிண்டர் கலரில் அடிக்கவில்லை. அதை இயக்கும் மென்பொருளை, டிரைவரை, புதிதாகப் போட்டேன். டிரைவர் போடும்போது விண்டோஸ் வழக்கம்போல் தன்னை நகல் எடுத்துக்கொண்டது, மணி 4.20. என் ஓலையையும் என் வைரஸையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறது.

"உபதேசியாரே, பூச்சியைக் கொண்டாந்தது நான்தான்."

"எப்போ?"

"செப்டம்பர் பதினாலு."

அவர் குனிந்து துண்டுச் சீட்டைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நல்லா இருந்த நாள்னு சொன்னியே தம்பி."

"அப்படித்தான் நெனச்சிருந்தேன்."

சிஸ்டம் ரெஸ்டோரை அணைத்தேன். நகல்கள் எல்லாம் போய்விடும், திரும்பப் பெற முடியாது, நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்றேன். நாலு நொடிகூட ஆகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அலுவலகத்தில் மின்விசிறி மெதுவாகத்தான் சுற்றும், அதனால் முகத்தைத் துடைத்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அல்லது அப்படிக் காட்டிக்கொண்டார்கள். ஆன்லின் வெளியே போய் மூன்று டீ வாங்கிவந்தாள்.

ஸ்கேன் நாற்பது நிமிடம் ஓடியது. பூஜ்யம். கையெழுத்துப் போட்டேன். மாலை மூன்று மணிக்குக் கணக்கு திறந்தது, மூன்றரைக்குக் கடிதம் போனது. ரெஸ்டோரை மறுபடி இயக்கி, புதிதாக ஒரு நகல் எடுத்துவைத்தேன்.

உபதேசியார் துண்டுச் சீட்டைக் கவனமாகப் பிரித்தெடுத்தார். "இனிமே எந்த நாளுக்குப் போறது?"

"இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு. வேற எதுவும் இல்ல."

"சனிக்கிழமை பண்ணலாமுல்ல?"

"வாரா வாரம் வேணாம். கெட்டா மட்டும் பண்ணுங்க."

"கெட்டிருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

எனக்கே அது பதினான்கு மாதமாகத் தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "எனக்கு போன் பண்ணுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோவிலுக்கே போனேன். ஆன்லினின் முதல் ஓலையை உபதேசியார் வாசித்தார். இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள், அதில் ஒருவர் வணக்கம் வைத்தார். முதல் ஓலை எனக்குப் புதிதில்லை. முதல் ஓலையை யாருக்கும் வாசித்துவிடுவார்கள்.

அதற்கடுத்த ஞாயிறும் போனேன், அதே நாலாவது பெஞ்ச். அன்பியக் கூட்டம், பீடச் சிறுவர் பயிற்சி எல்லாம் சொல்லிவிட்டு உபதேசியார் தாளைத் திருப்பினார். முன் பெஞ்சின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "இரண்டாம் ஓலை" என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை பெயர், அப்பா பெயர், ஊர், பிறகு ஆன்லின். கடைசி வரை வாசித்து முடித்தார். அதற்குப் பிறகுதான் கையை எடுத்தேன்.