மூத்தாளின் பழைய பிரேக்

எங்கள் வீட்டுக் காருக்கு நான் வைத்த பெயர் மூத்தாள். எனக்கு முன்பே என் கணவரின் வாழ்க்கைக்குள் வந்துவிட்டவள் அவள், நான் இளையாள். மூத்தாள் விஷயத்தில் இளையாள் பேச்சு எடுபடாது என்பதைக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்டேன்.

என்னவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் மாதக்கணக்கில் அவர் காதில் விழாது. மூத்தாளின் கதவில் சின்னக் கீறல் விழுந்தால் மட்டும் எள் என்றால் எண்ணெயாக நிற்பார். அவள் உடம்பில் உள்ள ஒவ்வொரு திருகும் அவள் பிறந்தபோது இருந்த திருகாகவே இருக்க வேண்டும். பழைய கார் சங்கம் வருடா வருடம் ஒரு கண்காட்சி நடத்தும். நடுவர் பானெட்டைத் திறந்து பார்த்து, மாற்றிய சாமான் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் குறைப்பார். என்னவருக்குக் குறைத்ததே இல்லை. கூடத்தில் கேடயங்கள் வரிசையாக நிற்கின்றன. தூசி துடைப்பது நான்.

மூத்தாள் அழகிதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் நான்கு சக்கரத்திலும் அந்தக் காலத்து டிரம் பிரேக். முதல் மிதிக்கு யோசிப்பாள், இரண்டாவது மிதிக்குத்தான் மனசு வரும். மழையில் நனைந்துவிட்டால் நிற்கும்போது ஒரு பக்கமாக இழுப்பாள். ஸ்பிரிங் எல்லாம் தளர்ந்து, திருப்பத்தில் நான் ஒரு பக்கம் சாய்வேன், என் கைப்பை காலடியில் உருண்டு போகும். அந்தக் காலத்துச் சாலைக்கு அது போதும். இந்தக் காலத்துக் கார்கள் மிதித்த இடத்தில் நிற்கின்றன. முன்னால் போகிறவன் சட்டென்று நின்றால் நாங்கள் அவன் டிக்கிக்குள் குடியேற வேண்டியதுதான். இடைவெளி விட்டு ஓட்டினாலோ, அந்த இடைவெளியில் இன்னொருவன் வந்து நுழைந்துகொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை சவாரிக்காக இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பிறகு எங்கள் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, வீட்டில் இருந்த சின்னக் காரை அவள் கொண்டுபோய்விட்டாள். நான் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். காலையில் சீக்கிரமே போக வேண்டும். தினமும் மூத்தாளில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். கரும்பு தின்னக் கூலியா அவருக்கு.

ஒரு மழைக் காலையில், குடை பிடித்த ஒரு பெண் சாலையைக் கடந்தாள். அவர் மிதித்தார். மூத்தாள் யோசித்தாள். அப்புறம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், அந்தப் பெண்ணின் குடை பானெட்டில் உரசுகிற இடத்தில் நின்றாள். அந்தப் பெண் எங்களைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெறுமனே பார்த்துவிட்டு, குடையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற வேலையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டேன். மேலே படவில்லையே, பிறகென்ன என்று அவர் கேட்டார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர்.

அன்று மாலை சொல்லிவிட்டேன்.

"பிரேக்கையும் ஸ்பிரிங்கையும் மாத்துங்க. அதுவரைக்கும் நான் இதுல ஏற மாட்டேன்."

"அதெல்லாம் மாத்திட்டா அப்புறம் அது இந்தக் காரே இல்ல" என்றார்.

நானே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்று பயமாக இருந்தது.

பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். அவர் தினமும் காலையில் மூத்தாளைத் துடைத்து, வாசலில் இன்ஜினை ஓட விட்டுக்கொண்டு நிற்பார். நான் அவர்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போவேன். தெருவே வேடிக்கை பார்த்தது. மழைக்காலம் போய், குளிரும் போன பிறகுதான் ஐயா இறங்கி வந்தார்.

தெருமுனைப் பட்டறையில் இருக்கிற மெக்கானிக்குக்குக் கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், நான்கு பக்கமும் புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர் என்று அவர் அடுக்கியபோது என்னவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பானெட்டைத் திறந்தால் கண்ணில் படுகிற எதையும் தொடக்கூடாது. பிரேக் எண்ணெயைக் குழாய்களுக்குத் தள்ளிவிடுகிற மாஸ்டர் சிலிண்டர், போதாத காலம், கண்ணில் படுகிற இடத்தில் இருந்தது. டிரம்முக்குச் செய்த சிலிண்டர் டிஸ்க்குக்கு ஒத்துவராது என்று மெக்கானிக் படித்துப் படித்துச் சொன்னாராம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. பழைய சிலிண்டரே இருந்துவிட்டது.

வேலை முடிந்து வண்டி வந்த மறுநாள் காலை நான் ஏறினேன். திருப்பத்தில் சாயவில்லை. வேகத்தடையில் மூத்தாள் ஒருமுறை எழுந்து அமர்ந்தாள், அவ்வளவுதான். முன்பெல்லாம் அடுத்த தெரு வரை தலையாட்டிக்கொண்டே வருவாள். மிதித்ததும் நின்றாள். எனக்கு அழுகை வரப் பார்த்தது. மேம்பாலம் ஏறும்போது, யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி வண்டி நகர மறுத்தது. கருகல் வாடை வந்தது. முன்சக்கரத்திலிருந்து புகை. நான் இறங்கி, மருத்துவமனை வரை நடந்தே போனேன். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்காக என்று செய்த வேலையிலும் பாதி நடுவருக்காகச் செய்தது என்பதுதான் நெஞ்சில் குத்தியது.

மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் அந்தப் பழைய சிலிண்டர் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். டிரம்முக்கு அது நல்லது. டிஸ்க்கோ சக்கரத்தை விடாமல் கவ்விக்கொள்ளும்.

மாலையில் சண்டை போடுவதற்கென்றே நேராகப் பட்டறைக்குப் போனேன். என்னவர் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பிரேக் மிதி தடங்கலில்லாமல் மேலே வருகிறதா என்று பார்க்க, மெக்கானிக் காருக்குள் விரித்திருந்த கம்பளத்தை உரித்துக்கொண்டிருந்தார். ஒரே துண்டாகத் தைத்த கம்பளம். ஓட்டுகிறவர் பக்கம் எடுத்தால் என் பக்கமும் சேர்ந்து வரும். என் காலடியில் நான் போட்டு வைத்திருந்த சின்ன மிதியடியை எடுத்து வெளியே எறிந்தார். உடனே அவர் பேச்சு நின்றது. அதுவே ஒரு அதிசயம்.

"அண்ணே, பிரேக் இந்தப் பக்கம்தானே இருக்கு? அந்தப் பக்கம் ஏன் இப்படித் தேஞ்சு கிடக்கு?"

என் பாதம் படுகிற இடத்தில் கம்பளம் ஓட்டையாகி, அடியில் இருந்த அட்டையும் தேய்ந்துபோய், தகரம் பளபளவென்று தெரிந்தது.

என்னவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

"என் பிரேக். நீங்க மிதிக்கிறதுக்கு முன்னாடியே நான் மிதிச்சிருவேன். கல்யாணம் ஆனதிலிருந்து."

மெக்கானிக் ஸ்பானர் தேடுகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

"ஒரு தடவைகூட நீ சொல்லலையே" என்றார்.

"எத்தனையோ தடவை சொன்னேன். நீங்க இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருந்தீங்க."

அவர் அந்தத் தகரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவர், பக்கத்து இருக்கையை அன்றைக்குத்தான் பார்த்தார். நான் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசவுகள் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவர் நிமிர்ந்து வெளியே குரல் கொடுத்தார்.

"அந்த மாஸ்டர் சிலிண்டரையும் மாத்திருப்பா."

அதற்குப் பிறகு தினமும் அவளில்தான் வேலைக்குப் போகிறேன். ஒருநாள் முன்னால் போன லாரி சடாரென்று நின்றது. மூத்தாள் இழுக்காமல், நேர்கோட்டில், தாராளமாக இடம் விட்டு நின்றாள். என் கால் வழக்கம்போலத் தரையை அழுத்தப் போனது. அது போய்ச் சேருவதற்குள் வண்டி நின்றிருந்தது. அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டைப் பாருங்கள் என்று அதட்டினேன்.

கண்காட்சி வந்தது. பானெட்டைத் திறந்ததும் நடுவரின் முகம் மாறியது. புது சிலிண்டர், பிறகு அடியில் குனிந்து பார்த்து டிஸ்க், ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றுக்கும் குறைத்துக்கொண்டே வந்தார். என்னவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் நடுவர் கதவைத் திறந்து என் இருக்கைக்கு முன்னால் குனிந்தார். மிதியடியை யார் எடுத்தார்களோ, ஓட்டை அப்படியே தெரிந்தது.

"இவ்வளவு மாத்தினவர் இதை ஏன் அப்படியே விட்டுட்டீங்க?"

"அது இந்தக் காரோட பழைய பிரேக்" என்றார் என்னவர். "இத்தனை வருஷமும் வேலை செஞ்சது அதுதான். அதை மாத்த மாட்டேன்."

நடுவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்கும் சேர்த்துக் குறைத்தார். அந்த வருடம் எனக்குத் துடைக்கக் கேடயம் எதுவும் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் செருப்பைக் கழற்றி விட்டு, இரண்டு காலையும் மடக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டேன். அவர் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.