மரம் சீவாத குடும்பங்கள்

லூனாஸில் வரலாற்றுக் கூடம் திறக்கப் போகிறார்கள் என்றதும், வெள்ளைக்கல் தோட்டத்துப் பழைய குடும்பங்கள் எல்லாம் புகைப்படங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தன. தோட்டம் இப்போது கிடையாது. பாடாங் மேஹா பக்கம் இருந்த அந்த ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து எத்தனையோ காலம் ஆயிற்று. தோட்டம் இருந்தவரைக்கும் அதன் பேரைச் சொல்லவே கூசியவர்கள், அது செத்த பிறகு அதற்குச் சொந்தம் கொண்டாட வரிசையில் நின்றார்கள்.

படங்களை வாங்கி விவரம் கேட்டு எழுதும் வேலை குணசுந்தரிக்கு. கூலிம் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள்; எந்தக் கூத்தையும் முகம் மாறாமல் பார்க்கப் பழகியவள். அவளுக்கே தலை சுற்றியது. ஒருவருடைய தாத்தா கங்காணி. இன்னொருவருடைய தாத்தா கணக்கு எழுதிய பெரிய கிராணி. வேறொருவர் தாத்தா மருந்துக்கொட்டாயில் துரைக்கே ஊசி போட்டவராம். குழுவில் இருந்த பரஞ்சோதி ஒரு படி மேலே போய், தன் தாத்தா கப்பல் ஏறியதே ஊர் சுற்றிப் பார்க்கத்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடப்பாவிகளா! எல்லாரும் ஆபீசில் உட்கார்ந்திருந்தால் பாலுக்கு மரம் சீவினது யார்? துரையும் துரைசானியுமா?

மரம் சீவுகிற ஆளின் படம் என்று வந்தது ஒன்றே ஒன்று. அது குணசுந்தரியின் அம்மா செல்லாயி. தலையில் துணிக்கட்டு, தோளில் காண்டாக்கம்பு, இரண்டு பக்கமும் பால் வாளி. படம் பிடித்தவன் சிரிக்கச் சொல்லியிருப்பான் போல, அவள் சிரிக்கவில்லை.

வரலாற்றுக் குழுத் தலைவர் அழகேசனுக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் பாக்கார் ஆராங்கில் வீடும் லூனாஸில் கல்யாண மண்டபமும் உள்ளவர். வரலாற்றுக் கூடம் என்பதே அவருடைய மண்டபத்தின் பக்கத்து அறைதான்.

"நல்லாப் பெருசாக்கி வாசல்லயே மாட்டிடலாம் லா. கீழ ‘பெயர் அறியாத் தொழிலாளி’ன்னு போட்டா மனச உருக்கிடும்" என்றார்.

"பேரு தெரியுமேண்ணே. செல்லாயி. எங்கம்மா."

"புரியுது குணா. ஆனா பேரப் போட்டா அது உங்கம்மா மட்டும்தான். போடலன்னா எல்லாரோட அம்மாவும்."

"எல்லாரோட அம்மாவும்னா, உங்கம்மாவுமாண்ணே?"

அழகேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கப்பா ஆபீஸ் கிராணிம்மா. எங்கம்மா வீட்டு வாசப்படியத் தாண்டுனதில்ல."

குணசுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அம்மா மருதம்மாளும் செல்லாயியும் பக்கத்துப் பக்கத்து மர நிரையில் சீவியவர்கள். மழைக்காலத்தில் ஒரே தகரக் கொட்டகைக்கு அடியில் நின்று வெற்றிலை போட்டவர்கள். ஆனால் வாயைத் திறந்தால் படமே சுவருக்கு வராது, இடம் அவருடையது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்மாவின் பேரை, விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் வேலை வாங்கும் தண்டல் அதட்டிக் கூப்பிட்டதைத் தவிர வேறு யாரும் உரக்கச் சொன்னதில்லை. இந்த ஒரு சுவரிலாவது அந்தப் பேர் ஏறிவிடாதா என்று அவள் தவித்தாள். வேறு எதற்காகவும் அவள் இந்தக் குழுவில் குப்பை கொட்டவில்லை.

திறப்பு விழாவுக்கு ஒரு பொம்மையும் வந்தது. மரம் சீவும் பெண் ஒருத்தி கூடத்தில் நிற்க வேண்டும் என்று குழு முடிவு செய்ய, பரஞ்சோதி சுங்கை பட்டாணிப் புடவைக் கடையிலிருந்து அதைத் தூக்கி வந்தார். எலுமிச்சை நிறம், ரோஜா உதடு, வளைந்த இடுப்பு. திறந்து வைக்கத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரான ஒய்பி வருகிறாரே என்று பட்டுப்புடவையைச் சுற்றிவிட்டார்கள். கையில் சீவுகத்தி, காலடியில் ஒரு பால் வாளி, ‘மரம் சீவும் பெண்’ என்று ஓர் அட்டை. அதன் அருகில், எங்கிருந்தோ வெட்டிக் கொண்டு வந்த பால்மரத் துண்டு ஒன்று, சிமெண்டுத் தொட்டியில் நின்றது.

ஒய்பி வழக்கம்போல் தாமதமாகத்தான் வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள். நாம் வந்த வழியை மறக்கவே கூடாது என்று அழகேசன் தொண்டை கட்டும்வரை பேசினார். மறக்காமல் தன் தந்தை கிராணியார் பெயரை மட்டும் பல தடவை சொன்னார்.

பிறகு படம் எடுக்கிறவர்களுக்காக ஒய்பி பொம்மையின் கையிலிருந்த கத்தியை வாங்கி, மரத்துண்டின் முன்னால் நின்றார். வெள்ளரிக்காய்த் தோல் சீவுகிற மாதிரி கத்தியைப் பிடித்து, பட்டையில் அழுத்தி ஒரு குத்து குத்தினார்.

"ஐயையோ! மரத்துல காயம் போடாதீங்க! தண்டல் பாத்தான்னா தொலச்சிருவான்!"

கத்தியவர் அழகேசன்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. கத்தியைப் பிடுங்கினார். முழங்காலை லேசாக மடக்கினார். பழைய வெட்டில் காய்ந்து கிடந்த கோட்டுப்பாலை முதலில் ஒரே இழுப்பில் உரித்து, கைப்பழக்கத்தில் பாத்தேக் சட்டைப்பைக்குள் திணித்தார். அப்புறம் இடதுகைப் பக்கம் மேலே ஆரம்பித்து, சரிவாகக் கீழே, சர் சர் என்று சீவிக்கொண்டு வந்தார். பட்டை மெல்லிசாகச் சுருண்டு விழுந்தது. அவர் சீவிய இடத்தில் ஒரு காயம் இல்லை. பொழுது விடியுமுன் அம்மா பின்னாலேயே ஓடிய பிள்ளையின் கை அது.

ஒய்பி கைதட்டினார். "சூப்பர் லா தலைவரே! எங்க கத்துக்கிட்டீங்க?"

அப்போதுதான் அழகேசனுக்கு நினைவு திரும்பியது. கத்தியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. ஓடி ஒளிய இடம் தேடிய கண் வாசல் படத்தில் போய் நின்றது.

"இவங்கதான். செல்லாயி அம்மா. நம்ம குணசுந்தரியோட அம்மா. சின்ன வயசுல சும்மா வேடிக்க பாக்கப் போனப்ப காட்டிக் குடுத்தாங்க."

"அப்புறம் ஏன் பேரு தெரியாதுன்னு போட்டிருக்கீங்க?"

"அது... பிரிண்டிங் கடைக்காரன் பண்ண தப்பு."

"உடனே பேரப் போடுங்க" என்று சொல்லிவிட்டு ஒய்பி கோழிவறுவல் வாசனை வந்த பக்கம் நடந்தார். கூட்டமும் பின்னாலேயே போயிற்று.

குணசுந்தரி கறுப்பு மார்க்கரை எடுத்து, ‘பெயர் அறியாத்’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘செல்லாயி’ என்று எழுதினாள். சந்தோஷத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. பெற்ற தாயை மறைக்கச் சொன்ன பொய்யில்தானா என் அம்மாவுக்குப் பேர் கிடைக்க வேண்டும்? த்தூ, என்ன பிழைப்பு இது!

கேட்டே விடுவது என்று திரும்பினாள். எல்லாரும் சாப்பிடப் போயிருக்க, அழகேசன் மட்டும் பொம்மையின் முன்னால் நின்றிருந்தார். தன் தோள்துண்டை எடுத்துப் பொம்மையின் தலையில் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு தடவை கட்டிப் பார்த்தார், பிடிக்கவில்லை. அவிழ்த்து, முடிச்சை இடது காதுக்குப் பின்னால் தள்ளிக் கட்டினார். மருதம்மாள் அப்படித்தான் கட்டுவாள்.

குணசுந்தரி வைத்திருந்த கோபம் பாதியில் நின்றது.

"அண்ணே, உங்கம்மா பேரையும் எழுதிடட்டுமா?"

அவர் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சின்ன எழுத்தா எழுதும்மா."

அவள் மார்க்கரின் மூடியைக் கழற்றி, பொம்மையின் காலடியில் இருந்த அட்டையில், தெருவில் நின்றாலும் படிக்கிற மாதிரி எழுதினாள்: ‘மருதம்மாள். மரம் சீவியவர்.’

அழகேசன் அதைப் படித்தார். திட்டப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டு, அந்தக் கோட்டுப்பாலை எடுத்துப் பொம்மையின் வாளிக்குள் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.