ஆறாம் நம்பர்

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மந்திரமூர்த்தியின் வலது முழங்காலுக்கு வெளிப்பக்கம் பஞ்சுப் பொதி விழுந்ததில் எலும்பு உடையவில்லை. நரம்பு போயிற்று. அன்றிலிருந்து பாதம் தொங்கியது. நடந்தால் விரல்கள் தரையில் இழுபட்டன. முழங்காலுக்குக் கீழே கிள்ளினாலும் உறைக்காது.

கப்பலுக்குச் சரக்கேற்றும் தோணியின் தலைவன், தண்டல் ரோச், அவனை வேலையை விட்டுத் துரத்தவில்லை. "ஏலே, அடுத்த கப்பல் வரட்டும். மூட்டையோட தோணிப் பலகையில கால் தட்டாம ஏறிக் காட்டு. வேல ஒனக்குத்தான். தட்டுனா மீனுக்கு விருந்து" என்றான்.

மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் இன்பமணி ஒரு பாட்டரிப் பெட்டி வைத்திருந்தாள். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு துணிப் பட்டைகளைக் காலில் கட்டி, மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சுவாள். பாயும்போது பாதம் சோம்பலாக ஓர் அங்குலம் எழும். நின்றதும் விழும். கரண்டின் அளவைக் காட்டும் முள் உடைந்திருந்தது; உலக யுத்த காலத்தில் புது முள்ளுக்கு எங்கே போவது. குமிழில் எழுதிய நம்பர்தான் கணக்கு. ஆறுக்கு மேல் அவள் திருப்பமாட்டாள்.

"இன்னும் கொஞ்சம் கூட்டுங்க சிஸ்டர்" என்றாள் அவன் மனைவி சீனித்தாய்.

"தோலு வெந்துரும்மா."

பட்டைகளை நனைத்துக் கொடுப்பது சீனித்தாயின் வேலை. காய்ந்த பட்டையில் அசையாத பாதம், ஒரு கரண்டி உப்பைக் கரைத்ததும் அசைந்ததைப் பார்த்திருந்தாள். அவள் உப்பளத்துக்காரி. குமிழைத் தொட முடியாது, உப்பைத் தொடலாம். கப்பல் வருகிறது என்று கேள்விப்பட்ட அன்று, பாத்தியில் உப்புப் பூக்கும் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து பட்டை நனைக்கும் சட்டியில் ஊற்றினாள்.

குமிழ் ஆறில்தான் நின்றது. பாதம் முழுக்க எழுந்து, விரல்கள் கூரையைப் பார்த்தன.

"சுள்ளுனு இருக்கா அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். விடுங்க, விடுங்க."

அவன் சிரித்தான். இன்பமணிக்கும் சிரிப்பு வந்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் விட்டாள்.

பட்டையை அவிழ்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

"தண்ணியில என்ன போட்ட?"

சீனித்தாய் சொன்னாள். இன்பமணி சட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். திட்டவில்லை. அந்தப் பெட்டியை மறுபடி திறக்கவுமில்லை.

வலி தெரியாத கால். புண்ணோடு ஊன்றியே நடந்தான். அழுகல் எலும்பு வரை போனதும் முழங்காலுக்கு மேலே காலை வெட்டி எடுத்தார்கள். கப்பல் வந்தது, போயிற்று. ரோச் ஒரு நாள் கருவாட்டுப் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கால் இருந்த இடத்தைப் பார்க்காமல் போனான்.

சீனித்தாய் உப்பளத்துக்குப் போகிறாள். அந்தத் தண்ணீரைப் பற்றி மந்திரமூர்த்தி கேட்டதே இல்லை. அவள் வேலை முடிந்து வந்ததும் அவன் கேட்பது வேறு.

"ஏளா, அன்னைக்குப் பாதம் நல்லா தூக்குச்சில்லா?"

"தூக்குச்சு."

"எம்புட்டு?"

உப்பில் வெடித்த கையை நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கிக் காட்டுவாள். அவன் போதும் என்று சொல்லும்வரை அப்படியே வைத்திருப்பாள்.